உறுதி எரித்த நாள்

சாவகச்சேரிக்கு இன்னும் இரண்டு மைல் இருந்தது. தென்மேற்கில் இருந்து வருகிற சோளகக் காற்று வீதி மண்ணை அள்ளி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. கொடிகாமம் பக்கத்தில் சீமெந்துக்கல் அரியும் ஒரு வளவை விட்டு நான் நடந்து வந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. பைக்குள் இரண்டு சாரம், ஒரு சேட்டு, சவர்க்காரம்.

வேலையை விட்டதற்குக் காரணம் ஒரு மாடு. முதலாளியின் மாடு. விடியப்புறம் அது காயாத கற்களின் மேலே நடந்து போயிருந்தது. முப்பது கல்லில் குளம்படி. அந்தக் கற்களை நானே ஆர் தலையிலாவது கட்டவேண்டும் என்றார் முதலாளி. வேலி ஒன்று அடைத்தால் என்ன என்று கேட்டேன். வேலிக்குப் பதிலாகத்தானே உன்னை வைத்திருக்கிறேன் என்றார். நான் பையை எடுத்தேன். அவருக்கும் கோபமில்லை, எனக்கும் கோபமில்லை. மாடு மட்டும் படலை வரைக்கும் வந்து பார்த்தது.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தபிறகு நான் இப்படித்தான். வெங்காயம் கிண்டினேன், குருநகரில் ஐஸ் லொறியில் நின்றேன், கிணறு இறைத்தேன். ஆகக்கூடிய காலம் நின்றது கொக்குவிலில் ஒரு வீடியோக் கடையில், நாலு வருஷம். அங்கே மின்விசிறி இருந்தது.

சாவகச்சேரி நீதிமன்றத்துக்குக் கிட்ட ஓர் ஒழுங்கையில் சட்டத்தரணிகளின் கந்தோர்கள் வரிசையாக இருக்கின்றன. தண்ணீர் கேட்கலாம் என்று ஒன்றுக்குள் ஏறினேன். காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரின் கந்தோர் அது. அறுபது வயதுக்கு மேற்பட்ட எழுதுவினைஞர் ஒருவர் மேசையில் இருந்தார். எதிரே மர வாங்கில் குடையோடு ஒரு ஆள் காத்திருந்தார். எழுதுவினைஞர் செம்பில் தண்ணீர் தந்துவிட்டு, விரலால் மேசையில் மூன்று தரம் தட்டினார். நான் குடித்தேன். அவர் திரும்பவும் தட்டினார்.

"என்னண்ணை தட்டுறியள்?"

"பல்லி சொல்லுது, கேக்கேல்லையோ? மூண்டு நாளா ஓயாமல் சொல்லுது. தென்கிழக்கு மூலை. பஞ்சாங்கத்திலை பாத்தன், கலகமாம்."

காது கொடுத்துக் கேட்டேன். டிக், டிக், பிறகு ஒரு சின்னக் கரகரப்பு, திரும்ப டிக். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"அண்ணை, உந்தப் பல்லி கொம்பியூட்டருக்குள்ளை இருக்கு."

"அப்ப கலைச்சு விடும்."

"கலைக்கேலாது. அது ஹார்ட் டிஸ்க். சாகப்போகுது."

உள்ளறைக் கதவு திறந்தது. நொத்தாரிசு வெளியே வந்தா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி விட்டிருந்தா. எழுதுவினைஞர் அவவை மேடம் என்றார், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"ஆர் சாகப்போறது?"

நான் சொன்னேன். வீடியோக் கடையிலும் ஒன்று இப்படித்தான் மூன்று நாள் டிக் டிக் என்றது என்றும், நாலாம் நாள் பதினேழு கலியாணத்தையும் ஒரு கும்பாபிஷேகத்தையும் விழுங்கிக்கொண்டு போனது என்றும்.

"எங்கடை எத்தனையாம் நாள்?" என்று எழுதுவினைஞரைக் கேட்டா.

"இண்டையோடை மூண்டு, மேடம்."

மேடம் கதிரையில் இருந்தா. தான் எழுதிய உறுதிகளின் பிரதி அலுமாரியில் இருக்கிறது, காணிக் கந்தோரிலும் இருக்கிறது, அதில் பயமில்லை என்றா. கொம்பியூட்டரில் இருப்பது வேறு. சனங்கள் கொண்டுவந்து காட்டும் பழைய உறுதிகள். கறையான் அரித்தது, கிணற்றுக்குள் ஒளித்து எடுத்தது, இடப்பெயர்வில் சோற்றுப் பானைக்கு அடியில் வைத்துக் காவினது. ஒவ்வொன்றையும் திருப்பிக் கொடுக்கமுன் படமெடுத்து வைத்திருந்தா. பதினொரு வருஷத்துப் படங்கள். அதன்பிறகு சிலதின் கடதாசி உதிர்ந்துபோனது, சிலது பிள்ளைகளோடு கனடாவுக்குப் போனது. இப்போது அவை இருக்கிற ஒரே இடம் அந்த டிக் டிக் பெட்டி.

"முந்தி இடம்பெயரேக்கை ஒரு அலுமாரி நிறையக் கடதாசியை விட்டிட்டு ஓடினனான்," என்றா. "கைப்பைக்குள்ளை வைச்சுக்கொண்டு ஓடக்கூடிய சாமான் ஒண்டு சொல்லும்."

பென் டிரைவ் என்றேன். மேடம் எழுதுவினைஞரைப் பார்த்தா. அவர் கூரையைப் பார்த்தார். முதல் வைத்திருந்த பென் டிரைவ் அவருடைய சேட்டுப் பொக்கற்றில் இருந்து சேட்டோடு சேர்த்துத் தோய்க்கப்பட்டதாம்.

வெளியாலே கொழுவுகிற இன்னொரு ஹார்ட் டிஸ்க் என்றேன்.

"அதுவும் ஒருநாள் பல்லி மாதிரிச் சொல்லும்தானே?"

"சொல்லும்."

இன்டர்நெட்டில் போட்டு வைக்கலாம் என்றேன்.

"அதெங்கை இருக்கும்?"

"வேற நாட்டிலை, எங்கையோ ஒரு கட்டிடத்திலை."

"எங்கடை சனம் அரைவாசி அங்கைதான் போயிட்டுது. உறுதியும் போகோணுமோ?"

அதோடு இன்னொரு பயமும் அவவுக்கு இருந்தது. தெரிந்த கந்தோர் ஒன்றில் ஏதோ ஒரு வைரஸ் வந்து எல்லாக் கோப்புக்கும் பூட்டுப் போட்டுவிட்டதாம். ஒருதரம் எழுதினால் பிறகு ஆராலும் மாற்ற முடியாத ஒன்று வேண்டும் என்றா. கடவுளாலும் என்று சேர்த்துக்கொண்டார் எழுதுவினைஞர்.

"அப்ப தட்டுத்தான்," என்றேன். "டிவிடித் தட்டு. ஒருக்கா எழுதினால் எழுதினதுதான்."

பெட்டியில் இருந்த தட்டு வாயைத் திறந்து பார்த்தேன். பொத்தானுக்கு அது அசையவில்லை. குண்டூசியால் குத்தி இழுத்தேன். தட்டு வைக்கிற இடத்தில் இரண்டு பல்லி முட்டை.

"நான் சொன்னன்தானே," என்றார் எழுதுவினைஞர்.

எப்படியும் அது வாசிக்க மட்டும் தெரிந்த வாய், எழுதத் தெரியாது. தட்டு எழுதும் கருவி, ஒரு எழுதி, புதிதாக வாங்கவேண்டும். பெட்டியை நிப்பாட்டினேன். ஒவ்வொரு தரமும் அதை எழுப்புவது ஒரு சூதாட்டம், நான் திரும்பி வரும்வரைக்கும் ஒருவரும் தொடக்கூடாது என்று சொன்னேன். பிறகு ஒரு வசனம் சொன்னேன். வீடியோக் கடையில் தட்டு எழுதுவதை எரிக்கிறது என்போம், அந்தப் பழக்கத்தில் வாயில் வந்த வசனம்.

"பின்னேரத்துக்குள்ளை எல்லா உறுதியையும் எரிச்சுப்போட்டமெண்டால் பிறகு ஒரு பயமுமில்லை, மேடம்."

மேடத்துக்கு விளங்கியது. எழுதுவினைஞருக்குப் பாதி விளங்கியது. வாங்கில் இருந்த குடைக்காரர் எழும்பிப் போனதை நாங்கள் கவனிக்கவில்லை.

சாமான் வாங்க மேடம் காசு தந்தா. எழுதுவினைஞர் என் பையைக் கதிரைக்குக் கீழே தள்ளி வைத்தார்.

"பை இங்கை நிக்கட்டும். பாரமெல்லோ, தம்பி."

யாழ்ப்பாண ரவுணில் கொம்பியூட்டர்க் கடைப் பொடியனிடம் டிவிடி எழுதி ஒன்று கேட்டேன். அவன் என்னை ஏதோ நெல்லுக் குத்த உரல் கேட்டவனைப் போலப் பார்த்தான். பிறகு ஏணி வைத்து ஏறி மூன்று பெட்டி இறக்கினான்.

முதலாவது மெல்லியது, அழகு. ஆனால் பெட்டியில் கொழுவுகிற அதன் வயர் வால் புதுமாதிரிச் சின்ன வால். மேடத்தின் பெட்டிக்கு அந்த வால் போகும் துளை கிடையாது. இரண்டாவது புளூரே எழுதி. ஒரு தட்டிலேயே எல்லா உறுதியும் கொள்ளும் என்றான்.

"தட்டு இருக்கோ?"

"கொழும்பாலை எடுப்பிக்கலாம். ரெண்டு கிழமை செல்லும்."

இரண்டு கிழமை பெட்டிக்கு இல்லை. இருந்தாலும் நான் அதை எடுத்திருக்கமாட்டேன். புளூரேத் தட்டை வாசிக்கப் புளூரேப் பெட்டிதான் வேண்டும். ஓடிப்போய் நிற்கிற இடத்தில் அது இருக்குமோ தெரியாது. சாதாரண டிவிடியென்றால் எந்த வீட்டுப் பழைய கொம்பியூட்டரும் வாசிக்கும். மூன்றாவது தடித்தது, வடிவில்லை, இரண்டு வால். பழைய பெட்டிகளில் ஒரு துளையால் வருகிற கரண்ட் எழுதுவதற்குக் காணாது. தட்டு சுற்றத் தொடங்கும், நடுவில் களைத்து நின்றுவிடும், தட்டும் பாழ். இரண்டாவது வாலைப் பக்கத்துத் துளையில் கொழுவினால் அங்கிருந்தும் கொஞ்சம் இழுக்கும். அந்தத் தடியனை எடுத்தேன். பிளஸ், மைனஸ் என்று இரண்டு சாதித் தட்டையும் எழுதக்கூடியது என்று பெட்டியில் போட்டிருந்தது.

தட்டு என்று கேட்டால் யன்னலில் வெயில் குடித்துக் கிடந்த ஒரு பைக்கற்றைக் காட்டினான். அழித்து அழித்து எழுதுகிற ரகம்.

"ஒண்டிலை ஆயிரம் தரம் எழுதலாம், அண்ணை. ஒருக்கா எழுதுறதைவிட இது நல்லதுதானே?"

"ஆயிரம் தரம் திருத்தி எழுதக்கூடிய உறுதியைக் காட்டி ஒருத்தர் காணி வித்தால் நீர் வாங்குவீரோ, தம்பி?"

"எனக்குக் காணி வாங்க வழியில்லை, அண்ணை."

"எனக்கும்தான்," என்று சொல்லிவிட்டு எழுதியை மட்டும் எடுத்துக்கொண்டு கொக்குவில் பஸ் ஏறினேன். நல்ல தட்டு இருக்கக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அங்கே போகிறதற்குத்தான் கால் வரவில்லை. அந்த வீடியோக் கடையை விட்டு நான் போனது ஆறு வருஷத்துக்கு முன், ஒரு பத்து மணிக்கு, தேத்தண்ணி குடித்துவிட்டு வாறன் என்று சொல்லி.

கடை முதலாளி அதே கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"தேத்தண்ணி குடிச்சு முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது, அண்ணை."

"சீனி காணுமோ?"

"காணும்."

வேறொன்றும் கேட்கவில்லை. தட்டு வேண்டும் என்றேன், எதற்கு என்று சொன்னேன். ஒருதரம் மட்டும் எழுதுகிற மைனஸ் ரகத் தட்டுகள், கட்டுக் கட்டாக, கட்டிலுக்கு அடியில் கறுப்புத் துணி போர்த்தி வைத்திருந்தார். இப்போது எல்லாரும் கலியாணத்தைக் கைத்தொலைபேசியில்தான் கேட்கிறார்களாம். பழைய பெட்டிகள் பிளஸ் தட்டுக்குச் சிலநேரம் முகம் சுளிக்கும், மைனஸை மறுக்காது. இதெல்லாம் அவர் எனக்கு முந்தியே சொன்னதுதான். ஒரு தட்டை எடுத்து மின்குமிழுக்கு நேரே பிடித்தார். மேல்பூச்சு மெல்லிசாக இருந்தால் குமிழின் வெளிச்சம் ஊசித் துளைகளாகத் தெரியும். அந்தத் தட்டுகள் ஐந்தாறு வருஷத்தில் உரியத் தொடங்கும். ஒரு கட்டை அப்படியே புறம்பாக வைத்தார். அடுத்த கட்டுத் தட்டுகளில் வெளிச்சம் தெரியவில்லை.

"இதைக் கொண்டுபோ. வேகம் பதினாறு எண்டு போட்டிருக்கும், நீ எட்டிலை விடு. அவசரத்திலை எரிச்ச தட்டு ரெண்டாம் வருசம் மாப்பிள்ளையைக் காட்டாது. எரிச்சு முடிய முழுசாத் திருப்பி வாசிச்சுப் பார். எழுதிறதெண்டால் நடு வளையத்திலை மட்டும், தட்டெழுதிற பேனையாலை."

எரிக்கிறது என்ற சொல்லை அந்தக் கடைக்கு வெளியே அவர் சொல்லமாட்டார். ஒருதரம் குருநகரில் இருந்து ஒரு குடும்பம் தகப்பனின் செத்தவீட்டு வீடியோவை வாங்கிப்போக வந்தது. கிறிஸ்தவ வேதக்காரர். "ஐயாவை எரிச்சாச்சு, பின்னேரம் வாங்கோ" என்று நான் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டேன். மூத்த மகன் கடலில் வலை இழுக்கிற ஆள். மேசைக்கு மேலால் எட்டி என் சேட்டைப் பிடித்தார். "எங்கடை ஐயாவை நாங்கள் மண்ணிலை தாட்டது. நீ ஆரடா எரிக்க?" அதற்குப் பிறகு முதலாளி சட்டம் போட்டார். வேதக்காரருக்கு அடிச்சுத் தாறம் என்று சொல்லவேண்டும். சைவக்காரரின் கலியாணத்துக்கும் சாமத்தியவீட்டுக்கும் அதேதான், மங்கல காரியம். எரிக்கிறது என்ற சொல் பழுதில்லாமல் பொருந்தியது சைவக்காரரின் செத்தவீட்டுக்கு மட்டும். இத்தனையும் தெரிந்திருந்தும் காலையில் ஒரு நொத்தாரிசு கந்தோரில் நின்று என்ன சொன்னேன் என்று எனக்கு உறைக்கவில்லை.

இரண்டரை மணிக்குச் சாவகச்சேரியில் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பினேன். கந்தோர் வாசலில் சனம். இருபது பேருக்குக் குறையாது. முன்னால் குடைக்காரர்.

"நொத்தாரிசு எல்லா உறுதியையும் எரிக்கப்போறாவாம்," என்று ஒருவர் எனக்கே சொன்னார்.

"ஏனாம்?"

"வெளிநாடு போறாவாம். கணக்கு முடிக்கிறா."

"இல்லை, கோட்டு ஓடர்," என்றார் இன்னொருவர்.

ஒரு மனிசி, "என்ரை மகளின்ரை சீதனக்காணி உறுதி உள்ளை கிடக்கு, படலையைத் திறவுங்கோ" என்று கத்தாமல், ஆனால் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தா. உள்ளே எழுதுவினைஞர் பஞ்சாங்கத்தை மார்போடு அணைத்தபடி நின்றார். தென்கிழக்குக் கலகம் வந்துவிட்டது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

மேடம் படிக்கு வந்தா. என்னைக் கண்டா.

"எரிக்கிறன் எண்டு சொன்னவர் இவர்தான். என்னெண்டு இவரைக் கேளுங்கோ."

குடைக்காரர் திரும்பி என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். நான் விளக்கத் தொடங்கினேன். தட்டுக்குள் நெருப்பில்லை, ஒளியால் ஒரு சூடு, அந்தச் சூட்டில் மைப்பூச்சில் சின்னச் சின்ன அடையாளம்.

"எரிச்சால் சாம்பல்தான் வரும். உறுதி எப்பிடி வரும்?"

நல்ல கேள்வி. "வந்து பாருங்கோ," என்றேன்.

எல்லாரும் உள்ளே வந்தார்கள். அறை கொள்ளவில்லை, மிச்சப்பேர் யன்னலில். பெட்டியை எழுப்பினேன். டிக், டிக் என்றது, கனநேரம் யோசித்தது, எழும்பியது. கோப்புகளை எழுதுவினைஞர் சொந்தக்காரரின் பெயரின் முதலெழுத்துப்படி அடுக்கியிருந்தார். அளந்து பார்த்தேன், ஏழு தட்டு. இரண்டு வாலையும் பின்பக்கத் துளைகளில் கொழுவினேன். முன்பக்கத்தில் கரண்ட் இன்னும் குறைவு.

"எந்த எழுத்தை முதல் போடுறது, மேடம்?"

அவவின் கண் ஒரு கணம் திரையின் அடிப்பக்கம் போனது. பிறகு சொன்னா: "எழுத்து ஒழுங்கிலை போடும். ஆருக்கும் முன்னுரிமை இல்லை."

முதல் தட்டை எழுதக் கால்மணித்தியாலம், சரிபார்க்க இன்னொரு கால்மணித்தியாலம். அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து காட்டினேன். கறையான் தின்ற விளிம்போடு ஓர் உறுதி. யன்னலில் நின்ற ஒருவர், "அது எங்கடை. அது என்ரை அப்புவின்ரை கையெழுத்து" என்றார். அவர் உள்ளே இழுத்து விடப்பட்டார். எல்லையை வாசிக்கச் சொன்னார்கள். வடக்கு ஒழுங்கை, கிழக்கு பூவரசு வேலி, தெற்கு பனங்காணி. சரி என்றார். அந்தப் பூவரசு இப்போது மதில் என்றார்.

அவ்வளவுதான். அறைக்குள் கதை மாறியது. எரிக்காதே என்று வந்தவர்கள் இப்போது என்னுடையதை முதல் எரி என்று நிற்கத் தொடங்கினார்கள்.

"தம்பி, 'ச'வை ஒருக்கா முன்னுக்கு எரிச்சுவிடுமன், எனக்குக் கடைசி பஸ் போயிடும்."

"ஏன், 'ப'காரர் நடந்தோ போறது?"

சீதனக்காணி மனிசி ஒரு கடதாசிச் சரையில் மஞ்சள் கொண்டு வந்திருந்தா, புது உறுதியின் நாலு மூலைக்கும் பூசுகிறமாதிரிப் பூச. தட்டைக் கையில் வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தா. "இதுக்கு மூலை எங்கை?" என்று கேட்டுவிட்டு, ஆலோசித்து, எழுதியின் நாலு மூலைக்கும் பூசினா. அது தடியனுக்கு நன்றாகத்தான் இருந்தது.

பிழை நாலாவது தட்டில் நடந்தது. நான் ஐந்தாவதைக் கட்டுக்குள் இருந்து பிரித்துக்கொண்டிருந்தேன். எழுதி முடிந்த நாலாவதை எழுதுவினைஞர் எடுத்தார். முப்பத்தெட்டு வருஷமாக உறுதி முடிந்தவுடன் அவருடைய கை என்ன செய்யுமோ அதைச் செய்தது. லாச்சியைத் திறந்து, முத்திரை ஒன்றை நாக்கில் நனைத்து, தட்டில் ஒட்டி, மேலால் குமிழ்முனைப் பேனையால் திகதியும் போட்டார். அழுத்தி.

சரிபார்க்கத் தட்டை உள்ளே விட்டேன். எழுதி, சுமை லொறி மேட்டில் ஏறுகிறமாதிரி உறுமியது. மேசை நடுங்கியது. பஞ்சாங்கம் கீழே விழுந்தது. தட்டை வெளியே எடுத்தேன். ஒரு பக்கத்தில் முத்திரைப் பாரம், பேனை போன இடத்தில் பின்பக்கம் வரைக்கும் கோடு.

"அண்ணை, ஏன் ஒட்டினியள்?"

"முத்திரை இல்லாட்டி ஆர் ஏற்பினம்?"

ஒருவரும் சிரிக்கவில்லை, அது நியாயமாகத்தான் பட்டது. புதுத் தட்டு ஒன்றில் திரும்ப எழுதினேன். எழுதிச் சரிபார்க்க முழுதாக அரைமணித்தியாலம் போனது.

ஐந்தாவது முடிந்தது. ஆறாவது முடிந்தது. சனம் ஒவ்வொருவராகத் தங்கள் உறுதியைக் கண்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஏழாவது 'வ'. யாழ்ப்பாணத்தில் 'வே' என்றும் 'வை' என்றும் தொடங்குகிற பெயர் எத்தனை என்று சொல்லத் தேவையில்லை. மூன்று 'வ'காரர் இன்னும் வாங்கில் இருந்தார்கள்.

பத்து வீதம் எழுதியபோது டிக் டிக் நெருங்கியது. பதினெட்டில் எழுதுவினைஞர் தன்னையறியாமல் மேசையில் தட்டினார். பத்தொன்பதில் நின்றது. பெட்டியை நிப்பாட்டி ஆறவிட்டு எழுப்பினேன். பக்கத்துக் கடையில் ஐஸ் வாங்கித் துணியில் சுற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் தரம் டிக் என்ற சத்தமும் வரவில்லை.

அந்த அரைமணித்தியாலம் இருந்திருந்தால் ஏழாவதும் முடிந்திருக்கும். எனக்குத் தெரியும், மேடத்துக்கும் தெரியும், எழுதுவினைஞருக்கு எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும். அவர் முத்திரை இருந்த லாச்சியைப் பூட்டித் திறப்பை மேடத்தின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். மேடம் அதைத் திரும்ப அவரிடம் கொடுத்தா.

"நாளைக்கும் முத்திரை வேணும். வைச்சிருங்கோ."

ஆறு தட்டையும் உறையில் போட்டு, கைப்பைக்குள் வைத்துப் பார்த்தா. பை மூடியது. வாங்கில் இருந்த மூன்று பேரிடமும் வீட்டில் கடதாசி இருக்கிறதா என்று கேட்டா. இருவர் ஓம் என்றார்கள். ஒருவர் விசுக்கோத்துப் பேணிக்குள் இருப்பதாகச் சொன்னார். நாளைக்கு வாங்கோ என்று அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினா.

"நீர் எங்கை படுக்கிறனீர்?"

"பாப்பம்."

"பாத்திட்டுக் காலமை எட்டுக்கு வாரும்."

கோயில் மடத்தில் படுத்தேன், எட்டுக்குப் போனேன். எழுதுவினைஞர் விடிய ஐந்து மணிக்கே வந்து, பழைய பதிவுக் கொப்பிகளில் தேடி, 'வ'காரர் எல்லாரையும் ஒரு பட்டியலாக எழுதியிருந்தார். நூற்றுப் பன்னிரண்டு வீடு. வரணி, மட்டுவில், கைதடி, நாவற்குழி, மீசாலை. ஒவ்வொரு வீட்டுக்கும் போய், பழைய உறுதி இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் கந்தோருக்குக் கொண்டுவரச் செய்யவேண்டும். கொண்டுவந்ததைத் திரும்பப் படமெடுத்துத் தட்டில் போடுவதும் நான்தான். சைக்கிள் எழுதுவினைஞருடையது. அவரே கழுவித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக் கொண்டுவந்திருந்தார்.

பட்டியலில் ஒரு வரி வெட்டப்பட்டிருந்தது. யாழ்ப்பாண ரவுணுக்குக் கிட்டக் கொழும்புத்துறை விலாசம்.

"அது எங்கடை வீட்டு உறுதி," என்றா மேடம். "நான் ஒரு 'வ'காரிதான். கடதாசி அந்த அலுமாரியோடை போயிட்டுது. கொழும்புத்துறையிலை சின்னம்மா வீட்டிலை ஒரு போட்டோக் கொப்பி இருந்தது, அதைத்தான் படமெடுத்தனான். அவை வீடு இடிச்சுக் கட்டினவை. இருக்காது. மற்றச் சனத்தின்ரையை முதல் பாரும்."

தன் எழுத்து கடைசியில் வருகிற 'வ' என்று தெரிந்துகொண்டுதான் நேற்று எழுத்து ஒழுங்கில் போடச் சொன்னா. நான் பட்டியலை மடித்துச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தேன்.

வெளியே வந்து வேம்புக்குக் கீழே சைக்கிளை நிறுத்திப் பட்டியலை விரித்தேன். எழுதுவினைஞர் அதையும் எழுத்து ஒழுங்கிலேதான் அடுக்கியிருந்தார். அதன்படி போனால் வரணிக்குப் போய், நாவற்குழிக்கு வந்து, திரும்ப வரணிக்குப் போகவேண்டும். நான் பென்சில் வாங்கித் திருப்பி எழுதத் தொடங்கினேன். அவர் தோளுக்கு மேலால் பார்த்தார்.

"என்ன ஒழுங்கு இது?"

"காத்து ஒழுங்கு, அண்ணை. சோளகம் பத்து மணிக்குத்தான் எழும்பும். அதுக்கு முன்னம் மேற்காலை போய்ச் சேரோணும். வரேக்கை காத்துத் தள்ளிக்கொண்டு வரும், வழி வழியே மற்ற வீடுகளைப் பாக்கலாம்."

"மேற்காலை ஆகக் கடைசி எது?"

எழுதியதைக் காட்டினேன். முதலாவது வரி, கொழும்புத்துறை.

"அது மேடம் வெட்டினதெல்லோ?"

"காத்துக்குத் தெரியாதே, அண்ணை."

அவர் உள்ளே ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து பின்சில்லை நசுக்கிப் பார்த்து, காற்று காணாது என்று சொல்லி, காற்றடிக்கிற பம்மை எடுக்கப் போனார்.